குகதாசனின் நாப்படி

காலையில் சுவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் தயாபரி முதலில் செய்வது கணவரின் மூக்கைத் துடைப்பதுதான். மேசையின் இடப்பக்கத்து நாற்காலியில் ஒரு செப்புநிறப் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. அதன் முகப்பில் காற்றை உள்ளிழுக்கும் சிறு வலை. ஸ்கொட்லாந்தின் லீத் துறைமுகத்து உப்பு இரவோடு இரவாக அதில் படிந்துவிடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, "எழும்புங்கோ, வேலை வந்திட்டுது" என்பாள். "ஓம், ஓம்" என்று பெட்டி குகதாசனின் குரலில் சலித்துக்கொள்ளும். அந்தச் சலிப்பைக் கேட்டபிறகுதான் அவளுக்கு நாள் விடியும்.

பெட்டிக்குள் இருந்தது அவருடைய நாப்படி. கைதேர்ந்த சுவைஞர் ஒருவர் இறக்குமுன் அவருடைய நாவையும் மூக்கையும் நரம்பு நரம்பாகப் படியெடுத்து வைக்கும் வழக்கம் வந்து பல காலமாகிவிட்டது. எது நல்லது, எது பிழை என்று அவர் சொன்ன அத்தனையும் அதில் இருக்கும். நாலு துளி விஸ்கி ஊற்றினால் போதும், அவரைப் போலவே தீர்ப்புச் சொல்லும்.

இந்தத் தொழிலுக்கே காரணம் பீட். சதுப்பு நிலத்தில் காலங்காலமாய் மக்கிக் கிடந்த செடிகொடிகளான பீட் கட்டிகளை வெட்டி எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்தித்தான் ஸ்கொட்லாந்தின் தீவுகள் தங்கள் சிங்கிள் மால்ட் விஸ்கிக்குப் புகைமணம் ஏற்றின. உலகைச் சூடாக்கும் கரிமத்தைப் பூட்டி வைத்திருப்பவை அந்த நிலங்கள் என்றானபின் ஒரு கட்டியைக்கூட யாரும் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. பழைய பீப்பாய்களில் கிடந்ததே மிச்சம். அதற்குப் போட்டியாக, மூலக்கூறுகளை அடுக்கி ஒரே காலையில் முதிர்ந்த விஸ்கி செய்யும் இயந்திரங்கள் வந்தன. அச்சு மால்ட் என்று அதற்குப் பெயர்.

அச்சு மால்ட் கம்பனி எந்த வடிசாலைக்கும் சவால் விடலாம். பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ், அச்சிலிருந்து ஒரு கிளாஸ், இரண்டு சுவைஞர். இருவரும் சேர்ந்து அச்சைப் பீப்பாய் என்று சொல்லி ஏமாந்தால் அது கம்பனியின் வெற்றி. வடிசாலையின் பெயர் கம்பனிக்குப் போய்விடும். ஒருவர் மட்டும் ஏமாந்தால் அது அந்த ஒருவரின் தோல்வி. அவருடைய நாற்காலி காலி. உயிரோடு இருப்பவருக்கும் நாப்படிக்கும் ஒரே சட்டம்தான்.

அன்று சவாலுக்கு வந்திருந்தது ஸ்கெர்வா என்ற சின்னத் தீவின் வடிசாலை. நடுவர் சிறீ அண்ணை இரண்டு கிளாஸ்களைக் கொண்டுவந்து வைத்தார். குகதாசனோடு கிளாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய இறுதிக் கிரியைக்குத் தோள் கொடுத்தவர். மூத்த சுவைஞர் முதலில் சொல்வது கூடத்தின் முறை.

"இடது கைக் கிளாஸ்தான் பீப்பா" என்றது பெட்டி. "புகை, உப்பு, கடைசியில பனாட்டு. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில இருக்கு. வலதில ஈரச் சாக்கு மணக்குது. அச்சடிச்சவன் பிழை விட்டிட்டான்."

அடுத்துச் சொல்லவேண்டிய தயாபரி இடது கிளாஸை எடுத்தாள். முதலில் புகை மெல்ல எழுந்தது, பின் நாக்கின் ஓரத்தில் உப்பு, தொண்டையில் இறங்கும்போது வெயிலில் காய்ந்த பனம்பழப் பனாட்டின் இனிப்பு. குகதாசன் வாழ்நாளில் புகழ்ந்தவை அத்தனையும் அவர் புகழ்ந்த வரிசையிலேயே வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ உறுத்தியது. வலது கிளாஸைக் குடித்தாள். புகை முரட்டுத்தனமாய் ஏறியது, அயடின் மூக்கைச் சுட்டது, எல்லாம் அடங்கியபின் மூலையில் ஈரச் சாக்கு.

ஸ்கெர்வாவுக்கு அவளும் குகதாசனும் ஒருமுறை போயிருந்தார்கள். அலை வந்து அறையும் சுவருக்குப் பின்னால் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். சாக்குக்குள்ள வடிச்சவங்களோ என்று குகதாசன் தமிழில் திட்டினார், தீவுக்காரருக்கு விளங்காது என்ற தைரியத்தில். திட்டிக்கொண்டே வெறும் கிளாஸை இன்னொரு முறைக்கு நீட்டினார். வீட்டிலும் முதலில் காலியாகும் போத்தல் ஸ்கெர்வாதான். படியெடுத்தவர்கள் அவருடைய வாயைக் கேட்டார்கள். திட்டு பதிவாயிற்று. கிளாஸை நீட்டிய கையை யார் கேட்டார்கள்?

இடது கிளாஸ் எப்படி உண்டானது என்று அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. உயிருள்ள நாக்கு நாளுக்கு நாள் மாறும். நாப்படி மாறாது. மாறாத பூட்டை வைத்துக்கொண்டு கம்பனி ஆறுதலாக உட்கார்ந்து சாவி செய்திருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்துச் சிறீ அண்ணைக்கும் விளங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் குனிந்தார்.

"நீயும் இடது எண்டு சொல்லிவிடு, தங்கச்சி. ஸ்கெர்வாவில இப்ப ரெண்டு மூண்டு குடும்பம்தான். ஒரு பேர் போகும், அவ்வளவுதானே. குகன் உன்ர பக்கத்தில இருப்பான்."

அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, வலதை இன்னொருக்காப் பாருங்கோ. இது அவங்கட சுவர்க் கொட்டில் ஈரம்."

"வலதில ஈரச் சாக்கு மணக்குது. அச்சடிச்சவன் பிழை விட்டிட்டான்."

மறுபடி ஊற்றினாள். அதே சொற்கள், இடையில் அதே மூச்சு. நாற்பது வருடச் சண்டையில் குகதாசன் ஒரே வார்த்தையை இரண்டு தரம் சொன்னதில்லை. உனக்குத் தடிமன், மூக்கடைச்சுப் போச்சு என்பார். தண்ணி கூட விட்டிட்டாய் என்பார். கடைசியில், நீ சொன்னதைத்தானே நானும் சொன்னனான் என்று வெட்கமில்லாமல் கட்சி மாறுவார்.

"வலதுதான் பீப்பா" என்றாள் தயாபரி. "பதிஞ்சு கொள்ளுங்கோ, அண்ணை."

அவர் பதிந்துகொண்டார். பிறகு இரண்டு கிளாஸ்களையும் உயர்த்தி அடியைக் காட்டினார். வலதின் அடியில் ஸ்கெர்வாவின் முத்திரை இருந்தது.

பெட்டியை நிறுத்த வேண்டியவர் அவர். கை போகவில்லை. அவளே எழுந்து போய் அதன் தலையில் கை வைத்தாள்.

"ஏமாந்து போனியளப்பா."

"ஆர், நானோ?" என்றது பெட்டி, அசல் குகதாசனாகவே.

அவள் விசையை அழுத்தினாள்.

சிறீ அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாற்காலியை வெறுமையாக விட மேலிடம் சம்மதிக்காது என்றார். அவளுடைய நாப்படியை எடுத்து அங்கே வைக்கலாம் என்று எப்போதோ கேட்டிருக்கிறார்களாம். உடம்பு நன்றாயிருக்கும்போதே எடுத்தால் நல்லதாம்.

"என்னை எடுக்க வேண்டாம்" என்றாள் தயாபரி. "ஆரும் ஒரு ஆளைக் கொண்டந்து இருத்துங்கோ. இந்தச் சாக்கு மணத்தை நாளைக்கு நானே பிழையெண்டு சொன்னாலும் சொல்லுவன். அப்ப என்னோட சண்டை பிடிக்க ஒருத்தர் வேணும்."