பதினோராம் வளைவில் நின்றவன்

கொலைகாரன் மழையில் தொப்பலாக நனைந்து வந்து, இரண்டு தேங்காய் பன் கேட்டான்.

லூர்துசெல்வி பன் எடுக்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவனேதான்! ஞாயிறு காலையில் டி.வி.யில் வரும் 'பதினோராம் வளைவு' தொடரில், கையில் அரிவாளோடு மரத்தடியில் நின்று வெறித்துப் பார்ப்பானே... அவனேதான்! கதையில் டாக்டரைக் கொன்றது யார் என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், அப்பா மரியதாஸின் பேக்கரிக்கு டி.வி. பார்க்க வரும் அத்தனை பேருக்கும் செல்விதான் துப்பறியும் புலி. "கம்பவுண்டரு இல்லீங்க, டாக்டரு சம்சாரமும் இல்லீங்க. அந்த மரத்தடி ஆளுதான். பார்வையப் பாருங்க!" என்று அவள் சொல்லப்போய், மலை முழுக்க அதே பேச்சு.

"ஏனுங்க, பன்னு..." என்றான் அவன்.

"நீங்க... நீங்கதானுங்களே டாக்டரக் கொன்னது?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, டி.வி.யில் பயமுறுத்திய கண்கள் நேரில் இவ்வளவு பாவமாகவா இருக்கும்! இமையில் மழைத்துளி வேறு...

"என் பேரு மனுவேலுங்க. கரடியூர் எஸ்டேட்ல மொளகு பறிக்கிறேன். இங்க மலைல ஷூட்டிங் எடுத்தவங்க நிக்கச் சொன்னாங்க, நின்னேன். யாரு கொன்னாங்கன்னு எனக்கே தெரியாதுங்க."

"தெரியாமயா அப்படிப் பாத்தீங்க? எதையோ மறைக்கிற பார்வையாச்சே அது!"

அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். இதென்னடா வெட்கம்?

"அந்தப் பார்வையாலதானுங்க நொம்பக் கஷ்டம். கடைல எனக்கு அருவா குடுக்கவே யோசிக்கறாங்க. அதுகூடப் பரவால்லீங்க... என் தங்கச்சியப் பேசி முடிச்ச செம்மநத்தத்துக்காரங்க, கொலகாரன் ஊட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னுட்டாங்க. பேக்கரிக்காரப் பொண்ணே சொல்லிருச்சாமே, அப்பறம் என்னன்னு கேக்கறாங்க. நீங்க ஒரு வார்த்த மாத்திச் சொல்லுங்களேன்..."

செல்விக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனால் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த கந்தசாமி அண்ணன் முதல் எல்லாரும் அவள் வாயையே பார்க்கிறார்களே! மாற்றிச் சொன்னால் மானம் போய்விடாதா?

"மாத்த மாட்டேனுங்க. கடைசி வாரத்துல தெரியும் பாருங்க!" என்று வெடுக்கென முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் பன்னை வாங்காமலே மழையில் இறங்கிப் போனான். அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

கடைசி ஞாயிறு. பேக்கரியில் நிற்க இடமில்லை. டாக்டரைக் கொன்றது... பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்! ஒரே கூச்சல்.

"என்ன கண்ணு, கோட்ட விட்டுட்டயே!" என்று கந்தசாமி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் காதிலேயே ஏறவில்லை. அடிப் பாவி செல்வி, நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயா... யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டாயே!

குடையைக்கூட எடுக்காமல் ஓடிப்போய் செம்மநத்தம் பஸ்ஸில் ஏறினாள். உள்ளே நெரிசலோ நெரிசல். ஆனால் ஒரே ஒரு சீட் மட்டும் காலி... ஜன்னலோரம் மனுவேல் உட்கார்ந்திருந்தான். அவனும் சம்பந்தி வீட்டுக்குத்தான், கெஞ்சிப் பார்க்கலாமென்று. பழைய பயத்தில், அவன் பக்கத்தில் உட்கார மட்டும் யாருக்கும் மனசில்லை.

செல்வி போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். கல்யாணமாகாத பெண் ஓர் ஆண்பிள்ளை பக்கத்தில் உட்காருவதா? பஸ்ஸே கழுத்தைத் திருப்பியது.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!" பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள். "இவரு கொலகாரரு இல்லீங்க. நாந்தான் வாய்க்கு வந்தத ஒளறிட்டேன். தப்பு என்னுதுங்க!"

முன் சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டு திரும்பியது. மனுவேலின் தங்கைக்குப் பேசிய பையனைப் பெற்ற பெரியநாயகமே அங்கு இருந்தார்!

"அட, நாங்களும் ஒறவுக்கார ஊட்டுல டி.வி. பாத்துட்டுத்தான் கண்ணு திரும்பறோம்," என்றார் அசடு வழிய. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயிப் பேசறதுன்னுதான் முழிச்சிட்டிருந்தேன். தம்பி, கல்யாணத்தப் பேச நாங்களே உங்கம்மாவப் பாக்க வாறோம்."

மனுவேலின் கண் கலங்கிவிட்டது. பஸ் ஒரு வளைவில் திரும்ப, தோள் லேசாக உரசியது. இருவரும் அவசரமாக விலகினார்கள்... ஆனால் செல்விக்கு ஒன்று மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்க... கொலையும் பண்ணல. அப்பறம் எதுக்கு அப்படி ஒரு பார்வ?"

"வேண்டாம் விடுங்க..."

"சொல்லோணும்!"

"ஷூட்டிங் பாக்க வந்த கூட்டத்துல, கேமராவுக்குப் பின்னால நீங்க நின்னீங்க," என்றான் ஜன்னலைப் பார்த்தபடி. "டைரக்டரு அந்தப் பக்கம் பாக்காதன்னு கத்திக்கிட்டே இருந்தாரு. என்னால முடியலீங்க. அதத்தானுங்க மறச்சேன்... பயந்து பயந்து."

அடப்பாவமே! அன்றைக்கு அவள் ஹீரோவை அல்லவா பார்த்துக்கொண்டு நின்றாள்! இத்தனை வாரமாக ஊரைக் கூட்டி வைத்து இவள் துப்புத் துலக்கிய அந்தப் பார்வை... இவளையே பார்த்த பார்வையா?

அவள் கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தாள். மனுவேலுக்கு உயிரே போயிற்று. வெளியே காப்பிச் செடிகளின் மேல் மழை பிடித்துக்கொண்டது.

"இத எங்கப்பாகிட்டயும் வந்து சொல்லுங்க," என்றாள் மெதுவாக. அவள் முகம் சிவந்திருந்தது. "அவரு லேசுல நம்ப மாட்டாரு... சாட்சிக்கு நான் நிக்கறேனுங்க."