நகல் பிரியர்களின் சனிக்கிழமை

கராஜிலிருந்து வந்த ஒற்றைச் சுரம் அன்று காலை பிசகாமல் நின்றது. க்ளெனிஸுக்கு முதலில் உறைத்தது அதுதான். ஜூலை என்றால் நடுக்குளிர்காலமான கோபர்க்கில், புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலையில், கணவன் நெவிலின் பழைய மின்னிசைப் பெட்டி, அந்தச் சின்தசைசர், ஒருநாளும் இப்படி நின்றதில்லை. சுவிட்சைப் போட்டதும் தூக்கத்திலிருந்து எழுப்பிய கிழட்டுப் பூனை மாதிரி முனகும். சுரம் கீழே சரியும், திடுக்கிட்டு மேலே ஏறும். உள்ளே சூடேறி ஒரு நிலைக்கு வருவதற்குள் நெவில் இரண்டு டீ குடித்துவிட்டு, மூன்றாவதை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பான். கல்யாணமான நாளிலிருந்து அந்த முனகலைக் கேட்டபடிதான் அவள் பல் தேய்த்திருக்கிறாள்.

அந்தப் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய ஆண்களை மூன்றில் ஒரு பைத்தியம் பிடிக்கும். சைக்கிள் பிடித்தவன் உடம்போடு ஒட்டிய கால்சட்டையில் காபிக் கடை வாசலில் நின்று தெருவையே வேறு பக்கம் பார்க்க வைப்பான். புளித்த மாவு பிடித்தவன் செங்கல் மாதிரி ரொட்டி சுட்டு வீடு வீடாகக் கொடுப்பான். நெவிலைப் பிடித்தது மூன்றாவது: பழைய சின்தசைசர்களும், தானே தாளம் தட்டும் டிரம் மெஷின்களும். மூன்றில் இதுதான் சாதுவானது என்று தெருவில் பேச்சு. பெண்களைத் தேடிப் போகமாட்டான்; கராஜை விட்டே போகமாட்டான்.

க்ளெனிஸ் டிரெஸ்ஸிங் கவுனோடு கராஜ் வாசலில் போய் நின்றாள். "என்ன நெவில், கிழவி இன்னைக்கு எழுந்ததுமே ஒழுங்கா பாடுறா?"

அவன் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "கண்டுபிடிச்சிட்டியா! வெயில் காலம் பூரா உனக்குத் தெரியவே இல்லையே. குளிர் வந்துதான் காட்டிக் கொடுத்திருக்கு."

அசலை விற்று மாதக்கணக்காகியிருந்தது. அதன் மரப் பக்கங்களை மட்டும் கழற்றி, புதிதாக வாங்கிய மலிவு நகலுக்கு மாட்டி, அதே மேசையில், அதே தூசியின் நடுவில் உட்கார வைத்திருந்தான்.

"அசல்ல என்ன இருக்கு, க்ளென்? தூக்கினா முதுகு போயிடும். வருசம் தவறாம ஒரு வியாதி. உள்ள போற சாமான் இப்போ எங்கயும் கிடைக்காது. இது எடை இல்ல, வியாதி இல்ல. சத்தம் அப்படியே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லியிருந்தா கூர்ந்து கேட்டிருப்பே. சொல்லாம மாத்தி வச்சாத்தானே தெரியும், வீட்டுக்கு அது பழகிடுச்சான்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் அந்த வாக்கியம் அவளோடு பஸ் ஏறியது. அவள் வேலை பார்க்கும் பல் டாக்டர் வரவேற்பு மேசையில் அவளுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் வீடு திரும்பியதும் டீப்பாத்திரத்தைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பூனையைத் தூக்கி எடை பார்த்தாள். பூனை கடித்தது. அசல்தான் போலிருந்தது.

நகல் பிரியர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். நெவில், டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற டெஸ், பள்ளியில் இசை சொல்லித்தரும் கீரன். ரொட்டியில் சுருட்டிய சாசேஜும் பியரும் முடிந்ததும் பரீட்சை. அசலும் நகலும் மேசை மேல் இருக்கும். கேட்பவர்கள் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார வேண்டும். இரண்டிலும் ஒரே மெட்டை நெவில் வாசிப்பான். எது அசலோ அதற்குக் கை தூக்க வேண்டும். நடுவில் திரும்பிப் பார்த்தவனை ஒரு வருடத்துக்குச் சேர்க்கமாட்டார்கள். ஒருமுறை கீரனின் கால்சட்டையில் பியர் கொட்டி வழிந்தபோதும் அவன் சுவரைப் பார்த்தபடிதான் துடைத்தான்.

அந்த வாரம் டெஸ் தன் அசல் டிரம் மெஷினை இரண்டு கையாலும் அணைத்துக் கொண்டுவந்தான். கேட்ட இருவரும் நகலுக்கே கை தூக்கினார்கள். தூக்கியவர்களில் டெஸ்ஸும் ஒருவன்.

"எப்படிடா?" என்றான் டெஸ், முகம் தொங்கிப்போய்.

"தடுமாறுறதுதான் அசல்னு நீங்க எல்லாரும் நினைக்கிறீங்க, மச்சான்," என்றான் நெவில். "நகல் செய்யறவனுக்கு அது தெரியாதா? தடுமாறுறதுக்குன்னே ஒரு குமிழ் வச்சிருக்கான். கொஞ்சம் கூட்டி வச்சேன், அவ்வளவுதான்."

பிறகு மேசைக்குப் பின்னால் போய், தோற்றுப்போன அசலின் முதுகுப் பக்கம் கையை விட்டு, பார்க்காமலே சுவிட்சைத் தடவி அணைத்தான். எப்போதும் அப்படித்தான். தோற்றதை எரியவிடமாட்டான். டெஸ் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக்கூட இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து டூலா வாயைத் திறந்தது அடுத்த வாரத்தில். கிரேக்கக்காரி, தெருவின் செய்தித்தாள். அவள் அச்சடித்து வெளியிடாத விஷயம் அங்கே நடந்ததில்லை.

"ஏண்டி க்ளெனிஸ், நேத்து மத்தியானம் எலுமிச்சம்பழம் கொடுத்தியே, அத்தனையும் சாறு. உன் மாமியார் கதை சொன்ன பாரு, சிரிச்சுச் சிரிச்சு இன்னும் வயிறு வலிக்குது."

"நேத்து நான் வேலைக்குப் போயிருந்தேன், டூலா."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இங்கதானே நின்ன!"

க்ளெனிஸ் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். ஸ்வெட்டர் கொக்கியில் தொங்கியது. மூக்கருகே கொண்டுபோனாள். சலவைப் பொடி வாசனை இல்லை. தன் வியர்வை வாசனையும் இல்லை. ஈயம் உருக்கும்போது எழும் பிசின் புகை, அதன் அடியில் சூடேறிய தூசி. கராஜின் வாசனை.

ஆக, ஒருத்தி இருக்கிறாள். தன் உடுப்பைப் போட்டுக்கொண்டு, தன் மாமியாரைக் கேலி செய்கிற அளவுக்கு வீட்டுக்குள் வந்துவிட்ட ஒருத்தி. க்ளெனிஸுக்கு ஆத்திரத்தை முந்திக்கொண்டு ஒரு நிம்மதி வந்தது. இது பெயர் உள்ள சங்கதி. பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் நடந்திருக்கிறது. பிடித்துவிட்டால் முடிந்தது.

தலைவலி என்று சொல்லி ஒருநாள் மத்தியானமே திரும்பினாள். பக்கத்துச் சந்து வழியாக, குப்பைத் தொட்டிகளின் புளித்த நாற்றத்தைத் தாண்டி, தகரக் கதவில் காதை வைத்தாள். உள்ளே டிரம் மெஷின் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பெண் சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சீறல், பிறகு இரண்டு குலுக்கல், கடைசியில் சிகரெட்டை விட்ட பிறகும் விடாத அரை இருமல்.

அது அவளுடைய சிரிப்பு.

கதவைத் தள்ளினாள். நெவில் மட்டும் இருந்தான்.

"பதிவு, க்ளென்," என்றான், கேட்பதற்கு முன்பே. "மே மாசம் மைக்ல சிரிக்கச் சொன்னேனே. இருமச் சொன்னேன், டீக்குக் கூப்பிடச் சொன்னேன். பேசற பெட்டிக்குக் குரல் வேணும்னு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தலையாட்டினாள். வெளியே வரும்போது அவனுக்கு எதிரிலிருந்த காலி நாற்காலியில் கையை ஊன்றினாள். சூடாக இருந்தது. ஆள் எழுந்துபோன சூடு இல்லை. நெடுநேரம் ஓடிய மெஷினின் மூடியில் இருக்கும் காய்ந்த, சீரான சூடு.

சனிக்கிழமை கராஜில் மறுபடி அந்தச் சிரிப்பு கேட்டதும் அவளே டூலாவைக் கூப்பிட்டாள். சாட்சிக்கு. அவள் கண்ணெதிரே பிடித்துவிட்டால் திங்கட்கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். பிறகு நெவில் எந்தப் பதிவைக் காட்டி மழுப்புவான்? டூலா கையில் மாவு காயாமலே வந்தாள். கராஜில் அதற்குள் இருட்டியிருந்தது. டெஸ்ஸும் கீரனும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மேசைகளைத் தள்ளிவிட்ட இடத்தில், உத்தரத்திலிருந்து ஒரு போர்வை தொங்கியது. பூப்போட்டது. க்ளெனிஸின் படுக்கையில் இருந்தது.

"இந்த வாரம் மெஷின் இல்ல," என்றான் நெவில். "டூலா, நீயும் உக்காரு. திரும்பக் கூடாது, தெரியுமில்ல? க்ளென், நீ போர்வைக்கு இந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள்.

மாட்டிக்கொண்டாள் அந்த ஒருத்தி, என்று நினைத்தாள் க்ளெனிஸ். இன்றைக்கு மாட்டிக்கொண்டாள். போய் நின்றாள்.

டிரம் மெஷின் தட்டியது.

"ஒண்ணு," என்றான் நெவில். "வழக்கமா எங்களைக் கூப்பிடுவியே, அப்படிக் கூப்பிடு."

வாயைத் திறந்தாள். "டீ ஆறுது... வாங்கடா." மெலிந்த குரல். கடைசியில் கீழே சரிந்தது.

"ரெண்டு."

"டீ ஆறுதுடா தறுதலைங்களா! வந்து குடிச்சுத் தொலைங்க!" மூக்கால் ஒரு சீறல். அரை இருமல்.

டெஸ் சிரித்தான். டூலாவும். பழக்கத்தில்.

"டூலா, திரும்பு!" க்ளெனிஸ் கத்தினாள். "நான்தான்! இங்க இருக்கேன்!" குரல் உடைந்தது. மேலே ஏறியது. நிற்கவில்லை.

"திரும்பாதடி டூலா," என்றது போர்வைக்கு அந்தப் பக்கம், சொகுசாக. "தோத்துடுவ."

"அட, எனக்கு விதி தெரியும்," என்றாள் டூலா சுவரிடம்.

போர்வையைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள் க்ளெனிஸ். துணிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு உள்ளங்கை வந்து ஒட்டியது. விரலுக்கு விரல். காய்ந்த சூடு. மோதிரத்தின் மேடு அதே விரலில். க்ளெனிஸின் கையோ குளிர்ந்து கிடந்தது.

"கடைசில வந்தது கொஞ்சம் அதிகப்படி, நெவில்," என்றான் கீரன் சுவரைப் பார்த்தபடி. "ஒண்ணாவது. அந்த நடுக்கம். யாரும் அப்படிப் பேசமாட்டாங்க."

"ஒண்ணுதான் அசல்ங்கறவங்க?"

தட்டல். தட்டல்.

ஒரு கையும் எழவில்லை.

"ரெண்டு?"

டெஸ். கீரன். கொஞ்சம் யோசித்து, மாவு ஒட்டிய விரல்களோடு, டூலா.

நெவில் க்ளெனிஸ் பக்கம் வந்தான். முகத்தில் கோபமில்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. ஓடவேண்டும் என்று நினைத்தாள். கால் கேட்கவில்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தபடி, கையை அவள் முதுகுப் பக்கம் விட்டான். தோள். பிடரி. முடிக்கு அடியில். விரல்கள் சுவிட்சைத் தேடுவது மாதிரி மெல்லத் தடவிக்கொண்டே போயின.

ஓரிடத்தில் நின்றன.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களின் மூன்று கைகளும் இன்னும் தூக்கியே இருந்தன.