ஐந்தாம் நிழல்தட்டு

அன்றைய விசாரணைக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு. கிழக்குச் சுவரோரம், குளிர்காற்று இறங்கும் துவாரத்துக்கு நேர் கீழே, ரோஜா நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் விஸ்வேஸ்வரன். பக்கத்தில் அவருடைய வழக்கறிஞர். இருவருக்கும் மெத்தை நாற்காலி. வாசலருகே முக்காலியில் அலுவலக உதவியாளர் கோயில்பிள்ளை. மேற்கே, கண்ணாடி வழியாக வெயில் விழும் பெஞ்சில், பதினேழாம் வார்டு பால்வாடி ஆசிரியை ஜெபக்கனி. அவருக்கு அடுத்து உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் செயலாளர் தங்கமாரி. மேடையில் யாரும் உட்காரவில்லை. அங்கே நடுவன் இருந்தது.

இன்னார் இன்ன இடத்தில் உட்காரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே வந்தவர்கள் தாங்களாகவே அப்படிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

வெளியே நாற்பத்தொரு பாகை வெப்பம். பிப்ரவரி மாதமல்லவா, அதனால் இதமாக இருக்கிறது என்று வரும் வழியில் பேசிக்கொண்டார்கள்.

உப்பாற்றுமுனை ஊருக்கு மொத்தம் ஐந்து நிழல்தட்டுகள். நிழல்தட்டு என்பது ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மிக மெல்லிய படலம். வெயிலில் இருந்தே சக்தி எடுத்து, ஓரங்களில் உள்ள விசிறிகளால் காற்றை எதிர்த்து நின்று, சூரியன் நகர நகரத் தானும் நகர்ந்து, கீழே ஒரு குடியிருப்பின் அளவுக்கு நிழல் போடும். பகல் பதினொன்று முதல் மூன்று வரை நிழல் பெறுவது குடிமக்களின் உரிமை என்று சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதல் தட்டு ஆட்சியர் வளாகத்துக்கு. அடுத்தது துறைமுகத்துக்கு. பிறகு கடைவீதிக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று. ஐந்தாவது, காகிதத்தில், பதினேழாம் வார்டுக்கு.

வானத்தில் அது ரோஜா நகருக்கு மேலே நின்றது. ஒன்பது ஆண்டுகளாக அங்கேதான் நின்றது. ரோஜா நகர் வீடுகளின் சுவருக்குள்ளேயே குளிர்நீர் ஓடியது. அங்கே வீட்டுக்குள் இருப்பவருக்கு நிழல் தேவையில்லை. புல்தரை கருகாமல் இருக்கவும், நீச்சல் குளம் கொதிக்காமல் இருக்கவும், நாய்களை மதியம் நடத்திக் கூட்டிப்போகவும் தட்டு பயன்பட்டது.

பதினேழாம் வார்டுக்கு நிழல் வராவிட்டாலும் தகவல் தவறாமல் வந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு எல்லோருடைய மணிக்கட்டுத் திரையிலும் ஒரு வரி ஒளிரும்: ‘இன்று தங்கள் வார்டுக்கு நான்கு மணி நேரம் நிழல் வழங்கப்பட்டது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ ஐந்துக்குக் குறைவாகக் கொடுத்தால் காரணம் கேட்டுப் பதினான்கு பக்கப் படிவம் வரும். அதை நிரப்பி முடிக்கும்வரை ரேஷன் நின்றுவிடும். ஆகவே வெயிலில் தோல் உரிந்த கையால் வார்டு முழுவதும் ஐந்து நட்சத்திரம் கொடுத்து வந்தது.

தட்டுகளை ஒதுக்கும் நிழல் வாரியத்தில் முன்பு பதினொரு அதிகாரிகள் இருந்தார்கள். கல்யாண வீடுகளுக்கு நிழல்தட்டை வாடகைக்கு விட்டு அகப்பட்டுக்கொண்ட பிறகு அவர்களை எடுத்துவிட்டு நடுவனை வைத்தார்கள். ஓர் அலமாரி அளவுக்கு இருக்கும் அந்த இயந்திரத்துக்குக் கையில்லை, பையில்லை, மச்சினன் இல்லை, சொந்த ஊர் இல்லை. பழைய ஒதுக்கீடுகளை அது தானாகத் தொடாது. யாராவது மனுப் போட்டால் மட்டும் விசாரிக்கும். மனு தாளில் எழுதி முத்திரை வைத்து வரவேண்டும். மின்வழி மனுக்கள் போகும் வழியில் திருத்தப்படுகின்றன என்பது அனுபவத்தில் கண்டது.

விசாரணை தொடங்குமுன் கோயில்பிள்ளை எழுந்து, வழக்கம்போல, ஒன்பதாம் விதியைப் படித்தார். மனுதாரர் தம் கையொப்பத்தோடு யாருடைய பரிந்துரைக் கடிதத்தையாவது அனுப்பினால் அந்த மனு அப்போதே ரத்து. மூன்று ஆண்டுகளுக்கு மறுமனு கிடையாது. அதுவரை பழைய நிலையே தொடரும். எல்லோரும் தலையாட்டினார்கள். கோயிலில் மந்திரம் சொல்லும்போது தலையாட்டுவது மாதிரி இருந்தது அது.

ஜெபக்கனியின் கோரிக்கை சின்னது. பால்வாடிக்கு நிழல் வேண்டும். அதற்கு இருப்பது வெறும் தகரக் கூரை. உள்ளே நாற்பத்தாறு பாகையைத் தாண்டும் நாள் ஓர் ஆண்டில் முப்பது ஆனால் பால்வாடியை மூடிவிட வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் உத்தரவு. கூரையை மாற்றித்தர எந்தத் துறையிலும் உத்தரவு இல்லை. போன ஆண்டு இருபத்தெட்டு நாள். இந்த ஆண்டு பிப்ரவரியிலேயே ஒன்பது ஆகிவிட்டது. மூடினால் இருபத்தாறு பிள்ளைகளும் தாய்மாரோடு உப்பளத்துக்குத்தான் போகவேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன்பு அப்படிப் போன இசக்கித்தாயின் மகள் வரப்பிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பதினேழாம் வார்டு ஒன்பது ஆண்டுகளாகக் கொடுத்த ஐந்து நட்சத்திரங்களைக் கட்டுக்கட்டாகத் தாக்கல் செய்தார். முழு மனநிறைவு பெற்றவர்கள் இப்போது திடீரென்று குறை சொல்வது ஏன் என்று கேட்டார். விஸ்வேஸ்வரன் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

“அவங்க தொழிலே வெயில்தானே. பழகின உடம்பு. எங்க பகுதியில நிழலை எடுத்தீங்கன்னா எத்தனை மரம் செத்துப்போகும்னு கணக்குப் பாருங்க.”

தங்கமாரி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். ஜெபக்கனி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

நடுவன் ஜெபக்கனியிடம் அவருடைய குறிப்பேட்டைக் கேட்டது. நானூற்றுப் பன்னிரண்டு நாட்களாக, காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மூன்று என்று வேளை தவறாமல் வெப்பமும், வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையும், வானத்தில் தட்டு நின்ற திசையும் அதில் எழுதப்பட்டிருந்தன. கோயில்பிள்ளை பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நடுவன் படித்தது.

“மனுதாரர் அவர்களே, உங்கள் குறிப்புகள் என்னுடைய வான்பதிவுகளோடு எல்லா நாட்களிலும் ஒத்துப்போகின்றன. தீர்ப்பு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.”

அன்று செவ்வாய்க்கிழமை.

உண்மையில் தீர்ப்பு அந்த நொடியிலேயே முடிந்துவிட்டது. ஐந்தாம் தட்டு சனிக்கிழமை காலை ரோஜா நகரை விட்டுப் புறப்பட்டு, பதினொரு மணிக்குப் பால்வாடித் தகரத்துக்கு மேல் வந்து நிற்கவேண்டும் என்று நடுவன் எழுதி வைத்துவிட்டது. மூன்று நாள் காத்திருப்பு தீர்ப்புக்காக அல்ல, மக்களுக்காக. ஆரம்பத்தில் நடுவன் உடனுக்குடன் தீர்ப்புச் சொன்னபோது ஜனங்கள் நம்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்றார்கள். ஆகவே அரசு ஒரு குழு போட்டு, மூன்று நாள் இடைவெளியைப் புகுத்தியது.

எதிர்த்தரப்பின் சான்றுகளில் எதையும் நடுவன் புரட்டிக் காட்டச் சொல்லவில்லை என்பதை வழக்கறிஞர் கவனித்திருந்தார். படியிறங்கும்போது விஸ்வேஸ்வரனின் காதில் அதைச் சொன்னார்.  விஸ்வேஸ்வரன் வண்டியை வீட்டுக்கு விடச் சொல்லாமல் சட்டமன்ற உறுப்பினர் பங்களாவுக்கு விடச் சொன்னார்.

அதே பங்களாவுக்குப் புதன்கிழமை காலையில் தங்கமாரியும் போனார். எந்த அலுவலகத்தில் எந்த நேரத்தில் யாரைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தவர் என்பதுதான் வார்டில் அவருக்கு இருந்த மரியாதை. வாசலில், முந்தின நாள் உறுப்பினரைப் பார்க்க முடியாமல் மறுபடி வந்திருந்த விஸ்வேஸ்வரன் சிரித்த முகத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார். “வாங்கண்ணாச்சி” என்று கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். 

உள்ளே நடந்தது அதைவிட வியப்பு. ஒன்பது ஆண்டுகளில் அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி அவரை விட்டதில்லை. அன்று உட்காரச் சொன்னார்கள். டீ கொடுத்தார்கள். என்ன விஷயம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உதவியாளர் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கோபுர முத்திரை போட்ட தாள், பச்சை மையில் கையெழுத்து. ‘பதினேழாம் வார்டு மக்களின் நியாயமான கோரிக்கையைப் பரிவுடன் பரிசீலிக்குமாறு பரிந்துரைக்கிறேன்.’ மனுதாரர் கையெழுத்தோடு நாளை மாலைக்குள் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கறையோடு நினைவுபடுத்தி அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தங்கமாரி பால்வாடிக்கு வந்தார். உள்ளே வெப்பமானி நாற்பத்தாறரை காட்டியது. ஜெபக்கனி ஈரச்சாக்கை விரித்துப் பிள்ளைகளை அதன்மேல் படுக்க வைத்திருந்தார். பேச்சு வராத அந்தச் சிறுமி மட்டும் தூங்காமல் சாக்கின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தைப் படித்துவிட்டு ஜெபக்கனி திருப்பிக் கொடுத்தார்.

“அன்னைக்கு விதியைப் படிச்சாங்கள்ல அண்ணாச்சி. ரத்துன்னு சொன்னாங்கள்ல.”

“டீச்சர், சிபாரிசு கூடாதுன்னு எங்க எழுதிப் போட்டிருக்கானோ, அங்கதான் சிபாரிசு செல்லும். நாப்பது வருஷமா நான் ஏறாத ஆபீஸா? எந்தச் சுவத்துல அதை எழுதல?”

“அது மிஷினு. அதுக்கு என்ன தெரியும்?”

“மிஷினைச் செஞ்சவன் யாரு? நம்ம ஆளுதானே.”

ஜெபக்கனிக்கு எரிச்சலாக வந்தது. தங்கமாரியின் எதிரிலேயே மணிக்கட்டுத் திரையில் கோயில்பிள்ளையை அழைத்து, உண்மையிலேயே மனு ரத்தாகுமா என்று கேட்டார். கோயில்பிள்ளை ஒளிக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் பதினொரு மனுக்கள் அப்படித்தான் போயிருக்கின்றன என்றார். வேண்டாம் டீச்சர், சும்மா இருங்கள், அது யார் சொல்லும் கேட்காது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

தங்கமாரி அசரவில்லை. “அந்தப் பதினொண்ணும் கவுன்சிலர் கடிதமா இருக்கும். இது எம்.எல்.ஏ. கடிதம்லா.” பிறகு, சட்டைப் பைக்குள் வைத்திருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “ரோஜா நகர்க்காரன் நேத்து அங்கதான் இருந்தான். சிரிச்சுக்கிட்டே வெளிய வாரான். அவன் ஒரு கடிதம் வாங்காமலா வந்திருப்பான்? அவன் கடிதம் அங்க உக்காந்திருக்கும். நம்ம கடிதம் இல்லன்னா, நமக்கு யாருமே இல்லன்னுதான அர்த்தம்?”

ஜெபக்கனி கடிதத்தை மறுபடி கையில் வாங்கினார். பயிற்சிப் பள்ளியில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர் அவர். சான்றிதழை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு சும்மா இருந்தார். அவருடைய அப்பா யாரையோ பிடித்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போன பத்தாம் நாள் வேலை உத்தரவு வந்தது. கடிதம் இல்லாமல் போட்ட மனுக்கள், பால்வாடித் தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, கூரைக்கு நான்கு, எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. நடுவனை அவர் நம்பத்தான் செய்தார். ஆனால் வெள்ளிக்கிழமை தோற்றுவிட்டால், நம்பினேன் என்று இருபத்தாறு தாய்மாரிடம் போய்ச் சொல்ல முடியாது. கையில் வந்த கடிதத்தை டீச்சர் அனுப்பாமல் விட்டுவிட்டாள் என்றுதான் பேசுவார்கள். காலத்துக்கும் பேசுவார்கள்.

விஸ்வேஸ்வரன் தன் தரப்புக்கு எந்தக் கடிதமும் வாங்கவில்லை. பதினேழாம் வார்டிலிருந்து யாராவது கண்டிப்பாக வருவார்கள், வந்தால் மறுக்காமல் நல்ல கடிதமாகக் கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் அவர் அந்தப் பங்களாவுக்குப் போனார். ஜனங்களை அவர் அந்த அளவுக்குப் புரிந்து வைத்திருந்தார்.

ஜெபக்கனி மேசையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். கடிதம் என்றால் அதற்கொரு முறை உண்டு. அதை எப்போதும் அவர் விட்டதில்லை. இடப்பக்கம் அனுப்புநர். அதன்கீழ் பெறுநர். ‘மதிப்பிற்குரிய நடுவன் அவர்களுக்கு’ என்று எழுதிவிட்டு, இயந்திரத்துக்கு ‘அவர்கள்’ போடுவதா என்று யோசித்து, போட்டதை அடிக்காமல் விட்டார். பொருள்: பதினேழாம் வார்டு பால்வாடிக்கு நிழல் வேண்டுதல் தொடர்பாக. பார்வை: செவ்வாய்க்கிழமை நடைபெற்ற விசாரணை. பிறகு மூன்றே வரி. கடைசியில், இணைப்பு: சட்டமன்ற உறுப்பினர் அவர்களின் பரிந்துரைக் கடிதம் ஒன்று. அதன்கீழ்த் தம் பெயரை முழுதாக, தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார்.

“தேதி போட்டாச்சா டீச்சர்?” என்றார் தங்கமாரி.

“போட்டாச்சு.”

இரண்டு தாள்களையும் ஓரம் ஒத்து மடித்து உறைக்குள் வைத்தார். பிள்ளைகளின் மதியச் சோற்றிலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கி உறையின் வாயை ஒட்டினார். மேலே அரக்கு வைத்து, பால்வாடி முத்திரையை அழுத்தினார். வெயிலில் அரக்கு உடனே இறுகவில்லை. ஊதி ஊதி இறுக வைத்தார்.

மதியம் பன்னிரண்டுக்கு அஞ்சல் பறவை வந்து வாசல் கம்பத்தில் இறங்கியது. முறத்தளவே உள்ள, நாலு விசிறி வைத்த சாதனம். ஜெபக்கனி உறையை அதன் வயிற்றில் செருகி, மூடி சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விலகி நின்றார். பறவை எழும்பியது. அதன் நிழல் தகரக் கூரையின் மேல் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்து, முற்றத்தைக் கடந்து, வாரியம் இருக்கும் திசையில் நேராகப் போயிற்று.