ஐந்து மணிக்கு மூடும் கவுண்ட்டர்

மேஜை மேல் அவள் போன் அலறியது.

அவள் கையை நீட்டுவதற்குள் இன்னொரு கை அதன் மேல் விழுந்தது. விரலுக்கு ஒன்றாக மோதிரம்.

"யாரு... வக்கீலா?" சிரிப்புக்காரர் திரையைப் பார்த்தார். லைனைக் கட் செய்தார். "நாம பேசி முடிச்சுக்கலாம் தங்கச்சி. உட்காரு."

வட்டிக்கு விடுகிறவர். பல்லைக் காட்டாமல் யார் கழுத்தையும் நெரித்ததில்லை. அதனால் அந்தப் பெயர்.

அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். தம்பியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டாள். தம்பி கம்பி நீட்டிவிட்டான். கடன் மட்டும் அவளிடம் தங்கிக் குட்டி போட்டு, சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது.

ஆபீஸ் கதவுக்குக் குறுக்கே அவருடைய அடியாள் தடியன் நின்றான். உள்பக்கம் பூட்டு.

"கதவை ஏன்ணே பூட்டினீங்க?"

"காத்து ஜாஸ்தி." சிரித்தார். "திவால் மனு போடப் போறியாமே?"

"சட்டத்துல வழி இருக்கு. போட்டா என்ன?"

"தாராளமா போடு. ஆனா அடுத்த மாசம் போடு."

அவள் முகம் இறுகியது.

மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு மாத வருமானத்தைக் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். வரம்புக்குள் இருந்தால் கடன் தள்ளுபடி. கொஞ்சம் கூடினாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான். ராப்பகலாய் ஓவர்டைம் பார்த்த மாதங்கள் கணக்கை விட்டு வெளியேறட்டும் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். இந்த மாதம்தான் வெளியேறின.

"எங்க மேனேஜர் திடீர்னு எனக்கு மட்டும் போனஸ் குடுத்தாரே... உங்க வேலையா?"

"அவன் என் மச்சான். பணம் என்னோடது." மோதிர விரல்கள் மேஜையில் தாளம் போட்டன. "இன்னிக்கு மாசக் கடைசி. இன்னிக்கு மனு போட்டா அந்த போனஸ் கணக்குல சேராது. நாளைக்குப் போட்டா சேரும். வரம்பைத் தாண்டிடுவே. கோர்ட்ல மனு வாங்குற கவுண்ட்டரை அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. அதுவரைக்கும் இங்கயே இரு. டீ சொல்லட்டுமா?"

"நான் ஏழை இல்லைன்னு காட்ட உங்க கைக்காசைப் போட்டீங்களா? தாராள மனசுண்ணே."

மறுபடி போன். மறுபடி கட்.

"ஐயா..." தடியன் தலையைச் சொறிந்தான். "அந்த ஆறு மாசக் கணக்கு... எல்லாருக்கும் உண்டா?"

"நீ கதவைப் பாருடா."

சிரிப்புக்காரர் அவள் பக்கம் குனிந்தார். குரல் தணிந்தது.

"மனு கினுன்னு இனிமே பேச்சே வரக்கூடாது. கிரேன் உசரமாமே... கால் வழுக்கினா எலும்பு தேறுமா?"

"தினமும் அந்த உசரத்துல காத்துல ஆடுறவ நான். உங்க சுழல் நாற்காலியைப் பார்த்தா பயப்படப் போறேன்?"

மூன்றாம் முறை போன் அலறியது. அலுப்போடு கட் செய்தார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து.

சிரிப்புக்காரர் சோம்பல் முறித்தார். "முடிஞ்சுது. கிளம்பு தங்கச்சி."

அவள் எழவில்லை. இப்போது சிரிப்பு அவள் முகத்தில்.

"காலையிலயே மனு போட்டாச்சுண்ணே. ஏத்துக்கிட்டாங்க."

சிரிப்புக்காரரின் பற்கள் முதல் முறையாக உள்ளே போயின.

"பொய்... அப்ப நான் கூப்பிட்டதும் எதுக்கு வந்தே?"

"கேக்காம போனஸ் வந்தப்பவே எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. மனுவை ஏத்துக்கிட்ட நிமிஷத்துல இருந்து கடனைக் கேட்டு யாரும் என்னை மிரட்டக் கூடாதுன்னு சட்டம். நீங்க அடைச்சே வச்சுட்டீங்க. மூணு தடவை கூப்பிடுவேன், மூணும் எடுக்கலைன்னா போலீஸோட வந்துடுவேன்னு வக்கீல் சொல்லியிருந்தார்." போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "மூணையும் கட் பண்ணது உங்க கைதான்."

தட்... தட்... தட்...

கதவு அதிர்ந்தது. "போலீஸ். திறங்க!"

"நல்ல கெட்டிக்கார வக்கீல்ணே. ஃபீஸ்தான் ஜாஸ்தி. நல்லவேளை, உங்க போனஸ் வந்துச்சு."

"டேய், திறக்காதே..."

தடியன் அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டிருந்தான். காக்கிச் சட்டைகள் அவனைத் தாண்டி உள்ளே பாய்ந்தன. அவன் அவளருகே வந்து குசுகுசுத்தான்.

"அக்கா... அந்தக் கவுண்ட்டர் நாளைக்கு எத்தனை மணிக்குத் தொறப்பாங்க? எனக்கும் கழுத்து வரைக்கும் கடன். இவர் எனக்கு ஆறு மாசமா சம்பளமே தரல. நான் வரம்புக்குள்ளதானே வருவேன்?"