சவிரிமுத்து விற்காத லான்ட்றோவர்

மயிலிட்டி றெஜினா கேற்றைத் திறந்துகொண்டு வந்தபோது சனிக்கிழமை காலை எட்டு மணி. கோபிசங்கர் தன் கராஜில் கழற்றிய இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பராசக்தியின் மேசையருகே இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். பராசக்தி புத்தூரில் முப்பத்தொரு வருடம் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். காணி உறுதி, வாகன உறுதி, மரணசாசனம் என்று வலிகாமத்துப் பெரிய மனிதர்களின் சின்னப் புத்தியெல்லாம் அவருடைய கையால் எழுதப்பட்டுத்தான் வெளியே போனது. அதனால், ஒரு கடதாசியில் சந்தேகம் வந்தவர்கள் பொலிசுக்குப் போகமுதல் அவரிடம் வருவார்கள். கோபிசங்கரை யாரும் அழைப்பதில்லை. அவனாகவே வந்து நிற்பான்.

றெஜினா மடித்துக் கொண்டுவந்த தாளை விரித்தாள். உரும்பிராய் ஜெயரூபன் என்பவர் முகநூலில் போட்ட விற்பனை விளம்பரம் அது. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு லான்ட்றோவர், பெற்றோல் இயந்திரம், புதிதாகப் பச்சை வர்ணம் பூசிப் பளபளவென்று நிறுத்தி வைத்திருந்தார். “எங்கள் குடும்பப் பாரம்பரியம்” என்று எழுதி, பக்கத்தில் தானும் பட்டு வேட்டியோடு நின்றிருந்தார். பாரம்பரியம் என்ற சொல்லைக் கண்டாலே பராசக்திக்குப் புளியேப்பம் வரும். அன்றும் முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் வாசித்தார்.

அந்த வாகனம் ஒருகாலத்தில் மயிலிட்டியின் சிறிய மீனவர் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானது. அதை ஓட்டியதும் பராமரித்ததும் றெஜினாவின் அப்பா சவிரிமுத்து. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் யுத்தத்துக்குப் பயந்து ஊர் முழுவதும் ஓடியபோது, தாங்கியில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாததால் வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு அவரும் நடந்துதான் வந்தார். இருபத்தேழு வருடம் ஊர் இராணுவத்தின் கையில் இருந்தது, அந்த மண்ணில் யாரும் கால் வைக்க முடியவில்லை. அந்த இருபத்தேழு வருடமும் ஊர்வாய் சும்மா இருக்குமா? வாகனத்தை அவர் முன்னமே விற்றுவிட்டார், சங்கத்தைச் சுத்திக் காசை எடுத்துவிட்டார் என்று, இடம்பெயர்ந்து இருந்த முகாமில் ஒரு கதை எழும்பியது. அதை எழுப்பியவர் கனிசியஸ், இப்போது சங்கத் தலைவர். சவிரிமுத்து செத்தபோது சங்கத்தார் ஒருவரும் பெட்டி தூக்க வரவில்லை. கூலிக்குப் பிடித்த ஆட்கள்தான் தூக்கினார்கள்.

விளம்பரத்தின் அடியில் விற்பனைக் கடிதத்தின் படமும் இருந்தது. ‘மேற்படி வாகனத்தை 24.03.1989 காலை 9.17 மணிக்கு மயிலிட்டியில் வைத்துக் கையளித்தேன்.’ கீழே சவிரிமுத்து என்று கையெழுத்து. கனிசியஸ் அதைப் பிரதியெடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டாராம். றெஜினாவின் எண்பத்துநான்கு வயது அம்மா றோஸ் இரண்டு வாரமாக வேதக் கோயிலுக்குப் போகவில்லை.

“திங்கக்கிழமை கனடாவிலை இருந்து வாங்கிற ஆள் வாறாராம்,” என்றாள் றெஜினா. “வாகனம் பேர் மாறிட்டால் உந்தக் கடிதம் உண்மையாப் போயிடும். அம்மா கள்ளன்ரை பெண்சாதியாத்தான் சாவா.”

பராசக்தி பாதித் தேநீரோடு எழும்பினார்.

ஒன்பதேமுக்காலுக்கு மூவரும் உரும்பிராயில் ஜெயரூபனின் வீட்டு வாசலில் நின்றார்கள். ஜெயரூபனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, விரல் நிறைய மோதிரம். வாங்க வரவில்லை, பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் அவருடைய மரியாதை பாதியாகக் குறைந்தது. ராகுகாலம் பத்தரைக்குத்தான் முடியும், அதற்குமுன் வாகனம் நிற்கும் கொட்டிலைத் திறக்க மாட்டேன் என்று வெயிலில் நிறுத்தி வைத்தார். ஒரு கதிரை போடவில்லை. பத்து முப்பத்தொன்றுக்குச் சாவியோடு வந்தார்.

கோபிசங்கர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாகனத்துக்குக் கீழே நுழைந்தான். அடிச்சட்டத்து இலக்கம் றெஜினா வைத்திருந்த, தட்டச்சில் அடித்த பழைய சங்கக் குறிப்போடு பொருந்தியது. துள்ளிக்கொண்டு வெளியே வந்து அதைச் சொன்னான். ஜெயரூபன் சிரித்தார். அது சங்க வாகனம் இல்லை என்று யார் சொன்னது, அதை வாங்கினேன் என்றுதானே கடிதமே சொல்லுகிறது என்றார். கோபிசங்கருக்கு முகம் செத்துப்போயிற்று. அடுத்ததாகக் கடிதத்தின் மூலப் பிரதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தாள் பழசு, முத்திரை பழசு, மையும் மங்கல். கையெழுத்தை ஒப்பிடலாம் என்றால், ஊரைவிட்டு ஓடியவர்களிடம் சவிரிமுத்துவின் கைபட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட மிச்சமில்லை.

பராசக்தி வாகனத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாங்கிய அன்று நடந்ததைச் சொல்லும்படி ஜெயரூபனைக் கேட்டார். கேட்க ஆளில்லாமல் இருந்த மனிதருக்கு அது போதும். பஸ்ஸில் மயிலிட்டிக்குப் போனதும், வள்ளங்கள் அப்போதுதான் கரைக்கு வந்திருந்ததும், கரையெல்லாம் மீனும் சனமுமாக இருந்ததும், சவிரிமுத்து ஒரு பெரிய பாரைமீனைத் தூக்கித் தன் கையில் கொடுத்து வழியனுப்பியதும் என்று அளந்துகொட்டினார். அந்தக் கடலோரச் சனங்களுக்கு மனசு நல்லது, படிப்புத்தான் இல்லை என்று றெஜினாவின் முகத்துக்கு நேரே ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

“அந்த மீனை என்ன செய்தனீங்கள்?” என்று பராசக்தி கேட்டார்.

“அம்மா அண்டைக்கே குழம்பு வைச்சவ. நான் மூண்டு கோப்பை சோறு திண்டனான்.”

பராசக்தி தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். கோபிசங்கருக்கு எரிச்சல். ஒரு மனிதனின் மானம் போய்க்கொண்டிருக்கிறது, இவர் குழம்பு விசாரிக்கிறார் என்று வழி முழுவதும் முணுமுணுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பராசக்தி அலுமாரியைத் திறந்தார். அதில் ஒரு தட்டு முழுக்கப் பழைய பஞ்சாங்கங்கள். நொத்தாரிசின் கந்தோரில் பஞ்சாங்கம் இல்லாமல் ஒரு வேலையும் நடவாது. நல்ல நேரம் பிறக்கும்வரை பேனையைக் கையில் பிடிக்காத கட்சிக்காரர்களைத்தான் அவர் முப்பத்தொரு வருடம் பார்த்தவர். எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பக்கம் ஒன்றை விரலால் தடவி வாசித்தார். ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை. கனிசியஸை நாளை ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு உரும்பிராய்க்குக் கூப்பிடும்படி கோபிசங்கரிடம் சொன்னார். சங்கத் தலைவர் தன் வாயாலேயே கடிதத்தை ஏற்றுக்கொள்ள வருகிறார் என்று ஜெயரூபனுக்குச் சொல்லச் சொன்னார். அதுவும் ராகுகாலம் என்று ஜெயரூபன் தயங்கினாராம். ஆனால் ஆசை ராகுவைவிடப் பெரியது, சம்மதித்துவிட்டார்.

ஞாயிறு ஐந்து மணிக்குக் கொட்டிலில் எல்லாரும் கூடினார்கள். கனிசியஸ் வெள்ளைச் சட்டையோடு, தீர்ப்புச் சொல்ல வந்தவரைப் போல நடுவில் இருந்தார். றெஜினா உட்காரவில்லை. பராசக்தி கடிதத்தைக் கையில் எடுத்தார்.

“இருபத்திநாலு மூண்டு எண்பத்தொன்பது. இது என்ன கிழமை எண்டு தெரியுமோ?”

ஜெயரூபன் தெரியாது என்றார்.

“வெள்ளிக்கிழமை. நீங்கள் ராகுகாலத்திலை கதவு திறக்காத ஆள். வெள்ளிக்கிழமையிலை உங்கடை அம்மா பாரைமீன் காய்ச்சினவவோ?”

கோபிசங்கர் வாயைப் பிளந்தான். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் சைவ வீட்டில் அன்று மீன்சட்டி அடுப்பில் ஏறுவதாவது! ஜெயரூபனும் திடுக்கிட்டார். ஆனால் கெட்டிக்காரர், உடனே சமாளித்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய கதை, கடிதத்தில் திகதி பிழையாக விழுந்திருக்கும், முதல் நாளோ அடுத்த நாளோ நடந்திருக்கும் என்றார். கனிசியஸும் அதற்குத் தலையாட்டினார்.

“நல்லது,” என்றார் பராசக்தி. “வாகனம் கைமாறேக்கை நேரம் எழுதுறது வழக்கம். அண்டைக்கு விபத்து நடந்தால் ஆர் பொறுப்பெண்டு தெரியவேணும். ஆனால் கையளிக்கிறவை ஒன்பது மணி எண்டு எழுதுவினம், ஒன்பதரை எண்டு எழுதுவினம். ஒன்பது பதினேழு எண்டு ஆர் எழுதுவினம்?”

பையிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்து லான்ட்றோவரின் பச்சை மூக்கின்மேல் விரித்தார். அந்த நாளுக்குரிய சுபவேளை ஒன்பது பதினேழுக்குப் பிறந்தது. முதல் நாள் நல்ல நேரம் வேறு, அடுத்த நாள் நல்ல நேரமே இல்லை. அப்படியானால் திகதி பிழையாக விழவில்லை. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துத் தெரிந்து எடுத்த நாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவது லட்சுமி என்று வாங்குகிறவன் நினைப்பான், விற்கிறவன் நினைக்கமாட்டான். வாகனத்தை வாங்கினேன் என்கிறவரே இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்.

“கள்ளக் கடிதம் எழுதவும் நாள் பாக்கிற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்றார் பராசக்தி. குரல் உயரவில்லை. “அதிலும் அரைகுறை. உங்கடை ஆக்களுக்குரிய வரியை மட்டும் வாசிச்சிருக்கிறீங்கள். அதே நாளுக்கு மேலை இன்னொரு வரி அடிச்சிருக்கு. கனிசியஸ், நீங்களே வாசியுங்கோ.”

கனிசியஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“பெரிய வெள்ளி,” என்றார்.

அது யேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் நாள், ஒவ்வொரு வருடமும் திகதி மாறி வரும். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, மார்ச் இருபத்துநான்கு என்றால் மயிலிட்டியிலேயே ஒருவருக்கும் பொறி தட்டாது. சைவக்காரரான ஜெயரூபனுக்கு எப்படித் தட்டும்? கத்தோலிக்கக் கரையோரத்தில் எந்த வள்ளமும் கடலில் இறங்காத ஒரே ஒரு காலையைத் தேடிப்பிடித்து, அதில் கரை நிறைய மீனைக் கொட்டியிருக்கிறார். கோபிசங்கருக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, றெஜினாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

பெரிய வெள்ளிக் காலைகளில் சவிரிமுத்து எங்கே இருப்பார் என்று பராசக்தி கேட்டார்.

“கோயிலிலை,” என்றார் கனிசியஸ். பிறகு, யாரும் கேட்காமலே மெல்லச் சொன்னார். “என்னோடை. ஆண்டவற்றை ஆசந்தி தூக்கிறது நாங்கள் நாலு பேர். விடிய இருந்து பட்டினி கிடந்து சோடிப்பம். முன்னுக்கு நானும் அவரும். ஒவ்வொரு வருசமும்.”

யேசுவின் பாடையைச் சவிரிமுத்துவோடு ஒரே வரிசையில் நின்று சுமந்தவன், அந்த மனிதனின் பெட்டிக்குத் தோள் கொடுக்க வரவில்லை. கோபிசங்கருக்கு அதுவரை ஜெயரூபன்மேல் இருந்த அருவருப்பு அப்படியே இடம் மாறிக் கனிசியஸ்மேல் விழுந்தது. ஜெயரூபன் கள்ளன், கள்ளனுக்கு ஒரு தொழில் இருக்கிறது. இந்த மனிதருக்கு என்ன இருந்தது? வாய் மட்டும்தான்.

ஜெயரூபன் மிச்சத்தைத் தானாகவே கக்கினார். நிலம் விடுபட்ட பிறகு மயிலிட்டியிலிருந்து வந்த பழைய இரும்பு லொறியில் இந்த வாகனத்தின் அடிச்சட்டத்தைக் கண்டாராம். பதிவுப் புத்தகமோ விற்பனைக் கடிதமோ இல்லாமல் விற்க முடியாதென்று, வாகனத்தை வைத்திருந்தவர் யாரென்று விசாரித்திருக்கிறார். சவிரிமுத்துவை ஊரே கள்ளன் என்கிறது, அவர் உயிரோடும் இல்லை என்று தெரிந்ததும் வேலை சுலபமாகிவிட்டது, பழைய தாளும் முத்திரையும் தேடியெடுத்துத் தானே கடிதத்தை எழுதினாராம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். அவர் நினைத்தது சரிதான், யாரும் கேட்கவில்லை. பராசக்தி கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்தார், அது நாளைக்குப் பொலிசுக்குப் போகும் என்றார்.

கனிசியஸுக்குக் கொஞ்ச நேரத்தில் தலைவர் குணம் திரும்பிவிட்டது. லான்ட்றோவரைத் தடவிப் பார்த்தார். இது இனிச் சங்கத்தின் சொத்து என்றார். கதவில் சவிரிமுத்து அண்ணையின் பெயரை எழுதலாம், வாற கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாம், எல்லாருமாக எழும்பி நின்று மௌன அஞ்சலி செலுத்தலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். றெஜினா முடியும்வரை கேட்டாள்.

“வாகனத்தைக் கொண்டு போங்கோ, எனக்கு வேண்டாம்,” என்றாள். “அப்பாவைக் கள்ளன் எண்டு கூட்டத்திலை மட்டுமே சொன்னனீங்கள்? வீடு வீடாப் போய்ச் சொன்னனீங்கள். வீடு வீடாப் போய் இல்லையெண்டு சொல்லுங்கோ. முதல் வீடு எங்கடை.”

கனிசியஸ் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். “கொம்மா கதவு திறப்பாவோ தெரியாது.”

“திறக்காட்டி வெளியிலை நிண்டு சொல்லுங்கோ. அவவுக்குக் காது நல்லாக் கேக்கும்.”

அவர் பராசக்தியைப் பார்த்தார். பராசக்தி பஞ்சாங்கத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கோபிசங்கரைப் பார்த்தார். கோபிசங்கர் போய் அவருடைய மோட்டார்சைக்கிளை மயிலிட்டிப் பக்கம் திருப்பி நிறுத்தினான். கனிசியஸ் ஏறி மெதுவாக ஓட்டத் தொடங்கினார். எந்தச் சந்தியிலும் அவர் வேறு பக்கம் திரும்பிவிடாதபடி, றெஜினாவை ஏற்றிக்கொண்டு கோபிசங்கர் பின்னாலேயே போனான்.