துக்க வீட்டுச் சந்தனம்

அருணா அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஆத்மநாதனின் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுல எங்க வீட்டுக்காரர் குரல் இருந்துச்சு சார். இப்ப ஒன்னுமே இல்ல."

ஆத்மநாதன் காவல்துறை சைபர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தொலைந்த கோப்புகளை மீட்டுத் தருவது இப்போதைய பிழைப்பு. அவசரம் என்பதே அவருக்குத் தெரியாது. அவருக்கும் சேர்த்து அவசரப்படத்தான் உதவியாளர் காவ்யா இருந்தாள்.

அருணா விவரம் சொன்னாள். கணவன் சிவபிரகாஷுக்கு குவைத்தில் வேலை. இந்த ஆனி மாதம் வேலைத்தளத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். மகள் பிறந்தபோது அவன் ஊரில் இல்லை. அப்பனும் மகளும் கடைசிவரை போனில்தான் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீடியோ அழைப்புகளை அருணா பதிவு செய்து வைத்திருந்தாள். போனில் இடம் இல்லாததால் எல்லாம் இந்த டிஸ்கில்தான். வேறு பிரதி கிடையாது.

"நான் பாப்பாவோட திருச்சியில எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். டிஸ்கையும் கொண்டுபோறேன்னு சொன்னேன். கொழுந்தன் திருமுருகன், 'இருங்க மதனி, இதுக்குப் புது ஃபர்ம்வேர் வந்திருக்கு, ஏத்தித் தாரேன்'னாரு. கம்ப்யூட்டர்ல டிஸ்குக்கு 'சிவா'ன்னு பேரும் வச்சு, வீடியோவையெல்லாம் மாச வாரியா உள்ள அடுக்கிட்டு, டிஸ்கை மேசையில வச்சாரு. மறுநாள் தொறந்தா சுத்தமா காலி. அன்னையிலேருந்து அவர்கிட்ட நான் பேசல."

காவ்யா டிஸ்கைக் கணினியில் செருகினாள். டிஸ்குகளை மேலாண்மை செய்யும் மென்பொருள் திறந்தது. தொழிற்சாலையில் வைத்த நீளமான எண்தான் பெயராக வந்தது. 'புதிய ஃபர்ம்வேர் உள்ளது, நிறுவலாமா?' என்று ஒரு கேள்வியும் எழுந்தது. "இது வேற, எப்பப் பார்த்தாலும்" என்று சலித்துக்கொண்டு அதை மூடினாள்.

ஆத்மநாதன் டிஸ்கைக் கையில் வாங்கினார். மேல்மூடியில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். நகத்தால் லேசாகத் தொட்டு முகர்ந்தார்.

"இது யார் வச்சது?"

"எங்க மாமனாரு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு டிராக்டர், பம்புசெட், இது எல்லாத்துக்கும் வைப்பாங்க. இந்த வருஷம் எங்க வீட்டுல எந்த நல்ல நாளும் கும்பிடல."

"இதே மாதிரி இன்னொரு டிஸ்க் வீட்டுல இருக்காம்மா?"

"இருக்கு சார். பாப்பா பொறக்குறதுக்கு முன்னாடி அவங்க லீவுல வந்தப்ப ரெண்டு வாங்கியாந்தாங்க. ஒன்னு அவங்க தம்பிக்கு. அது பிரிக்காம அலமாரியில கெடக்கு."

"நாளைக்கு வீட்டுக்கு வாரோம்."

அவள் போனதும் காவ்யா பொறுக்கவில்லை. "கொழுந்தன்தான் சார். ஃபர்ம்வேர் ஏத்துறேன்னு தப்பா அழிச்சுப்புட்டாரு."

"அழிச்சிருந்தா தடயம் இருக்கணும். இதுல எதையும் எழுதினதாவே தெரியலையேம்மா" என்றார் ஆத்மநாதன்.

மறுநாள் காலை அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வீட்டில் நான்கைந்து நாற்காலிகள் போடப்பட்டன. மாமனார் மலையாண்டி ஒன்றில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திருமுருகன் உட்காரவில்லை. தாடி மண்டி, கன்னம் ஒட்டி, கதவோரமாக நின்றான். அலமாரியிலிருந்து ஆத்மநாதன் எடுத்துவரச் சொன்ன இரண்டாவது டிஸ்கின் பெட்டி காலியாக இருந்தது.

"ஃபர்ம்வேர்ங்கிறது டிஸ்கை ஓட்டுற நிரல்" என்று ஆத்மநாதன் தொடங்கினார். "தம்பி அதைப் புதுசா ஏத்தினாரு. ஆனா அருணா கொண்டுவந்த டிஸ்க், புதுசு ஏத்தவான்னு எங்ககிட்ட கேட்டுச்சு. ஏத்தினது எதுக்கு மறுபடி கேக்கணும்? 'சிவா'ங்கிற பேரும் இல்ல. அப்ப இது அந்த டிஸ்கே இல்ல. பெட்டிக்குள்ள கெடந்தது."

காவ்யாவுக்கு முகம் சுருங்கியது. கேள்வியை மூடியதே அவள்தான்.

"ஆனா பொட்டு இருக்கே சார்?" என்றாள் அருணா.

"அதுதாம்மா விஷயம். அசல் டிஸ்கில இருக்கிறது போன வருஷப் பொட்டு. காஞ்சு உதிர்ந்திருக்கும். இதுல சந்தனம் இன்னும் மணக்குது. பூஜையே இல்லாத துக்க வீட்டுல புதுச் சந்தனம் எப்படி வந்துச்சு? மாத்தி வச்சவர், ரெண்டும் ஒன்னா தெரியணும்னு வச்சிருக்கார். தம்பி மாத்தியிருந்தா இதுக்கும் 'சிவா'ன்னு பேர் வச்சிருப்பார். டிஸ்குக்குள்ள பேர் இருக்குன்னே தெரியாதவர், பொட்டாலதான் டிஸ்கை அடையாளம் வச்சிருக்கிறவர், இந்த வீட்டுல ஒருத்தர்தான்."

யாரும் மலையாண்டியைப் பார்க்கவில்லை. அவரே எழுந்தார். கொல்லைப்பக்கம் போய், மோட்டார் கொட்டகையிலிருந்து துண்டில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து மருமகள் முன்னால் வைத்தார்.

"அவன் பொணமாத்தான் வந்தான். இருக்கிறது இது ஒன்னு. இதையும் புள்ளையையும் நீ கொண்டுபோறேன்னதும், எம் மகன் ரெண்டாந் தடவை வீட்டை விட்டுப் போறான்னு இருந்துச்சு ஆத்தா."

"கேட்டிருந்தா ஒங்களுக்கும் ஒரு காப்பி எடுத்துக் குடுத்திருப்பேனே மாமா."

"அப்புடி எடுக்கலாம்னு எனக்கு யாரு சொன்னா?"

அருணா துண்டைப் பிரித்தாள். அந்த வீட்டில் யாரும் அவரை அந்தக் கணினிக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததே இல்லை.

திருமுருகன் கதவோரத்திலிருந்தே கேட்டான். "அண்ணன் குரலை அழிச்சவன்னு நான் சோறு எறங்காமக் கெடந்தேன். ஒங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"சொன்னா மருமக அதைக் கொண்டுபோயிருமேன்னு இருந்துட்டேன்யா."

திருமுருகன் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குற்றவாளியைக் கண்டுபிடித்தால் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் காவ்யா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஆத்மநாதன் டிஸ்கைச் செருகினார். 'சிவா' என்ற பெயர் வந்தது. மாத வாரியான கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பிரதி எடுக்க ஆரம்பித்துவிட்டு, மலையாண்டியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி முதல் வீடியோவை ஓடவிட்டார்.

திரையில் சிவபிரகாஷ் சிரித்தான். மகளைக் கொஞ்சினான். பிறகு, "அப்பா எங்க அருணா?" என்றான். "வயலுக்குப் போயிருக்காங்க" என்றது அருணாவின் குரல்.

அடுத்ததிலும் அதே கேள்வி. அதற்கடுத்ததில், "அப்பாவைக் கூப்புடேன், ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்றான். "இங்கிட்டு இல்லைங்க, அப்புறமா பேசுவாங்களாம்." உண்மையில் அன்று அவர் கொல்லையில்தான் இருந்தார். போனில் முகத்தைக் காட்டிப் பேசக் கூச்சப்பட்டு, ஒவ்வொரு முறையும் அப்புறம் என்று சொல்லிவிடுவார். அத்தனை பதிவுகளிலும் அவருக்கென்று மகன் பேசிய பேச்சு ஒன்றும் இல்லை. அவரைத் தேடியதுதான் இருந்தது.

"அடுத்ததைப் போடுங்க" என்றார் மலையாண்டி.

"அப்பா எங்க அருணா?"

"இங்கனதான்யா இருக்கேன்" என்றார் அவர், திரையைப் பார்த்து.

திருமுருகன் வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தான். மலையாண்டி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கை மட்டும் தடவித் தடவி இளைய மகனின் தலையைத் தேடிக் கண்டுபிடித்தது.