நாலாவது வரி

கண்ணாடிக் கடைக்குள் அவன் கண்ணைக் காட்ட வரவில்லை. மழைக்கு ஒதுங்கினான்... அவ்வளவுதான்.

சொட்டச் சொட்ட நின்றவனை முன்மேசையில் இருந்த அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். கையில் கருவிப் பெட்டி. சட்டைப் பையில் லிஃப்ட் கம்பெனி அட்டை.

"மழை விட அரை மணியாவது ஆகும். சும்மா நிக்கிற நேரத்துல கண்ணை டெஸ்ட் பண்ணிக்கலாமே?"

"என் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு."

"அப்புறம் ஏன் அந்த போர்டை மூக்கால படிக்கிறீங்க?"

உள்ளறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த தங்கைக்குச் சிரிப்பு வந்தது. பவர் பார்ப்பது அவள் வேலை. ஆறு வருஷத்தில் அவள் எழுதிய பவர் தப்பென்று ஒரு கண்ணாடிகூடத் திரும்பி வந்ததில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, நடையில் தெரியும்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். தங்கை கனமான வட்டச் சட்டத்தை அவன் மூக்கில் பொருத்தி முதல் லென்ஸைப் போட்டாள். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டைக்கு விளக்கு எரிந்தது. அவன் உதடுகள் தானாக முணுமுணுத்தன.

"என்ன ஜபமா?"

"பழக்கங்க. ஞாயித்துக்கிழமை லைப்ரரில எழுத்துக்கட்டை ஆடுவேன். ஏழு கட்டை வரும், அதை வெச்சு இங்கிலீஷ் வார்த்தை சேக்கணும்."

"Q வந்து U வரலைன்னா?"

"QI இருக்கே. சீனாவுல உயிர்மூச்சுக்கு அப்படிப் பேராம். ரெண்டே எழுத்து... மூச்சு விட்டுக்கலாம்." கொஞ்சம் தயங்கினான். "போன வாரம் O-வை Q-ன்னு நினைச்சு வெச்சுட்டேன். மானம் போச்சு."

"அதுக்கப்புறமும் கண்ணு நல்லாயிருக்கு?"

"அது எனக்கும் கண்ணுக்கும் உள்ள தகராறு."

அவள் குனிந்து அவன் கண்களைப் பார்த்தாள். மழையில் ஒட்டிக்கொண்ட இமைகள்... நடுவில் சாம்பல் கலந்த பழுப்பு. கண் என்றால் அவளுக்கு ஒரு எண். இந்தக் கண்கள் மட்டும் எண்ணாகச் சம்மதிக்கவில்லை.

"நாலாவது வரி படிங்க."

படித்தான். கை தன்பாட்டுக்கு அவன் சொன்னதைச் சீட்டில் குறித்தது. தப்பு. லென்ஸைக் கூட்டினாள். மறுபடி தப்பு. இன்னும் கூட்டினாள்... மூன்றாம் தடவை சரியாகச் சொன்னான். அந்தப் பவரையே எழுதினாள்.

மழை எப்போது விட்டது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கண்ணாடி வாங்கிப்போன நாலாம் நாள் அவன் திரும்பி வந்தான். கண்ணாடி கையில் இருந்தது, முகத்தில் இல்லை.

"தலை வலிக்குது. தரை எழும்பி வர்ற மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. அக்கா வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

"பழகலைன்னா?"

"நான் எழுதின பவர் தப்பாகாது. நீங்க சொன்ன எழுத்துக்குத்தான் எழுதினேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்காவைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

"சரிங்க. அப்ப என் கண்ணுதான் தப்பு."

கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அறைந்திருந்தால் தேவலை.

"ஆறு வருஷப் பெருமைக்கு ஆபத்து வந்துருச்சோ?" என்றாள் அக்கா.

"சும்மா இரு, அக்கா."

அன்று முழுக்க அவள் அடுத்தடுத்துப் பவர் பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் வரிசையாக, ஒழுங்காகப் படித்தார்கள். அலுப்பாக இருந்தது. கடைசியில் அவன் சீட்டை எடுத்தாள். சுவரில் நாலாவது வரி: L, P, E, D. சீட்டில் இரண்டு தடவையும் ஒரே தப்பு: P, L, E, D.

கண் தெரியாதவன் எழுத்தை மாற்றிச் சொல்வான். D-யை O என்பான், P-யை F என்பான். இவன் அதே நாலு எழுத்தையும் ஒன்றுகூடச் சிந்தாமல் இடம் மட்டும் மாற்றியிருக்கிறான். தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எழுத்தைப் படிக்கவில்லை இவன்... வார்த்தை சேர்த்திருக்கிறான்.

அகராதியைப் புரட்டினாள். அர்த்தத்தைப் பார்த்ததும் காது சூடானது.

இதைக் கண்டுபிடிக்க ஆறு வருஷ அனுபவம்கூட வேண்டாம். அன்றைக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். ஏன் விழவில்லை? அதற்கும் பதில் அவளுக்குத் தெரியும். அதைத்தான் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் பெருமை போகும். சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை லைப்ரரி கூடத்தில் அவன் ஒரு கட்டையை மூக்கருகே வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுருட்டிய அட்டையும் லென்ஸ் பெட்டியுமாக நேரே போய் நின்றாள்.

"இடைவேளை எவ்வளவு நேரம்?"

"இ... இப்பதான் விட்டாங்க. பதினஞ்சு நிமிஷம்."

"போதும். வாங்க."

பக்கத்து அறைச் சுவரில் அட்டையை மாட்டினாள். அடி அளந்து நாற்காலியைப் போட்டாள். முதல் நாள் போட்ட முதல் லென்ஸையே பொருத்தினாள்.

"நாலாவது வரி. எழுத்து எழுத்தா."

"L, P, E, D." பிசிறில்லாமல் வந்தது.

"இப்ப உங்க பாஷையில."

"PLED."

"அர்த்தம்?"

"கெஞ்சினான்."

"யாரு?"

வெளியே யாரோ கட்டைகளைப் பையில் போட்டுக் குலுக்கும் சத்தம். அவன் மூக்குச் சட்டத்தை ஒரு தடவை ஏற்றிவிட்டுக்கொண்டான். அவள் காத்திருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"முதல் தடவை பழக்கம்ங்க. கை நாலு எழுத்தைக் கண்டா சும்மா இருக்காது. ரெண்டாம் தடவை... வேணும்னுதான்."

"ஏன்?"

"சரியாச் சொல்லியிருந்தா எழுந்து போகச் சொல்லியிருப்பீங்க."

"அப்ப மூணாம் தடவை?"

"உங்க நெத்தி சுருங்கிச்சு. பாவமா இருந்துது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் சீட்டில் தானே குறுக்குக் கோடு போட்டாள்.

"தப்பு என்னோடதுதான். உங்க எழுத்து என் காதுல விழவே இல்ல." சீட்டை மடித்தாள். "நான் கண்ணைப் பார்த்துட்டிருந்தேன்."

"அதானே உங்க வேலை?"

"பவர் பார்க்கிறதுதான் வேலை. நான் பார்த்தது வேற."

சட்டத்துக்குப் பின்னால் அந்தச் சாம்பல் பழுப்பு மெல்ல ஒளிர்ந்தது.

கூடத்தில் இடைவேளை முடிந்த மணி அடித்தது. லென்ஸ் சரியாக இருந்தது. சோதனை முடிந்துவிட்டது. எழுந்து போகலாம் என்று அவள் சொல்லவில்லை.

"முதல் வரியிலேர்ந்து படிங்க," என்றாள். "மெதுவா."